தரை எட்டாத விரல்கள்

வெறுங்காலுடன் நிற்க வேண்டும். பாதங்கள் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். முட்டியை மடக்காமல் மெதுவாகக் குனிந்து, விரல் நுனியால் தரையைத் தொட்டு, மூன்று விநாடி அப்படியே நிற்க வேண்டும். உடம்பை ஆட்டி, எம்பித் தொட்டால் கணக்கில் வராது. ஆறு வயதுக் குழந்தைக்கும் பதினாறு வயதுப் பையனுக்கும் இதே விதிதான். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய ஐரோப்பிய நாடுகளிலும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் இப்படிக் குனிந்து காட்டினார்கள். தரையைத் தொட முடியாதவர்கள் ஐரோப்பாவில் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. அமெரிக்காவில் 44 பேர்.

சோதனை மொத்தம் ஆறு. அவற்றில் ஐந்து, வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் உடம்பின் சொந்தப் பாரத்தையாவது தாங்குகின்றனவா என்று பார்ப்பவை. பிடரியில் கைகோத்துப் படுத்து எழுந்து உட்காருவது, முட்டியை மடக்கிக்கொண்டு அதையே செய்வது, மல்லாந்து படுத்துக் கால்களை ஒரு சாணுக்குச் சற்று மேலே தூக்கிப் பத்து விநாடி நிறுத்துவது, குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது, அதேபோலக் கால்களைத் தூக்குவது. ஆறாவதுதான் குனிந்து தரையைத் தொடுவது. அன்றாட வாழ்க்கையை வலியில்லாமல் ஓட்ட வேண்டிய குறைந்தபட்சத் தகுதி இது என்பதே இதை வகுத்தவர்களின் எண்ணம். ஆறில் ஒன்றில் தவறினாலும் தோல்வி. அந்தக் கணக்கில் அமெரிக்கப் பிள்ளைகளில் 57.9 சதவீதம் பேர் தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் 8.7 சதவீதம். அமெரிக்கத் தோல்வியில் பெரும் பங்கு அந்த ஆறாவது சோதனையிலிருந்து வந்தது.

பள்ளிப் பிள்ளையின் உடம்பு வளைகிறதா என்ற கேள்வி ஒரு வல்லரசின் கவலையாக மாறியது இப்படித்தான். அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் வளைவை அளந்துகொண்டே இருக்கிறார்கள். அட்டவணை போட்டார்கள், பெட்டி செய்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், கைபேசிச் செயலியில் ஏற்றினார்கள். வளையக் கற்றுக்கொடுப்பதற்கு மட்டும் பாடவேளையில் ஓர் இடம் கிடைக்காமலே போனது. கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஒருவர், அந்தச் சோதனை பிறந்த அதே நியூயார்க் நகரில், ரயிலேறினால் போய்விடக்கூடிய தூரத்தில், நாற்பது ஆண்டுகள் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். இந்த இரண்டு கோடுகளும் சந்திக்கவே இத்தனை காலம் ஆயிற்று என்பதுதான் இந்த வரலாற்றில் மனத்தை உறுத்துவது.

சோதனையை வகுத்த ஹான்ஸ் கிரவுஸ் 1905இல் ட்ரியெஸ்டே நகரில் பிறந்தவர். வியன்னாவில் மருத்துவம் படித்தார்; எலும்பு முறிவுச் சிகிச்சை அவர் துறை, மலையேற்றம் அவர் உயிர். ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த 1938ஆம் ஆண்டில் நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கே கொலம்பியா பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில் சோன்யா வெபருடன் சேர்ந்து முதுகுவலிக்காரர்களைப் பரிசோதித்தபோது அவருக்கு ஒன்று புலப்பட்டது. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பிலோ நரம்பிலோ கோளாறு எதுவும் இல்லை. தசைகள் ஒன்று பலவீனமாக இருந்தன, அல்லது இறுகிப்போயிருந்தன. அந்த நோயாளிகளுக்காக உருவான சோதனைதான் பிறகு பள்ளிக்குப் போனது.

பள்ளிக்குக் கொண்டுபோனவர் பானி பிரடன். இவரும் மலையேறுபவர், கிரவுஸின் கயிற்றுத் துணை. தன் மகள்கள் படித்த பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பு என்ற பெயரில் பிள்ளைகள் பெரும்பாலும் சும்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, 1940களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துத் தானே வகுப்பு எடுக்கத் தொடங்கியவர். கிரவுஸும் இவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1953, 1954ஆம் ஆண்டுகளில் உடற்கல்வி இதழ்களில் வெளிவந்தது. கார், பள்ளிப் பேருந்து, மின்தூக்கி, தொலைக்காட்சி என்று வசதிகள் ஒவ்வொன்றும் பிள்ளையின் ஓர் அசைவைப் பிடுங்கிக்கொண்டன என்பது அவர்களின் வாதம்.

ஆய்வு பிலடெல்பியாவில் ஜான் பி. கெல்லியின் கண்ணில் பட்டது. ஒலிம்பிக் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர், நடிகை கிரேஸ் கெல்லியின் அப்பா. அவர் அதை ஒரு செனட்டரிடம் கொடுக்க, செனட்டர் அதிபரிடம் கொடுத்தார். 1955 ஜூலை 11 அன்று அதிபர் ஐசன்ஹோவர் வெள்ளை மாளிகையில் ஒரு மதிய விருந்து வைத்து, பேஸ்பால், கூடைப்பந்து நட்சத்திரங்களை உட்காரவைத்து, கிரவுஸையும் பிரடனையும் பேசச் சொன்னார். ஆகஸ்டில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை அதிபரை அதிரவைத்த அறிக்கை என்றே தலைப்பிட்டு எழுதியது. பனிப்போர்க் காலம் அது. பிள்ளைகளின் வயிற்றுத் தசை நாட்டின் பாதுகாப்போடு முடிச்சுப் போடப்பட்டது. செப்டம்பரில் ஐசன்ஹோவருக்கே மாரடைப்பு வந்ததால் காரியங்கள் தள்ளிப்போயின. 1956 ஜூலை 16 அன்று இளைஞர் உடல்தகுதிக்கான அதிபர் குழு அமைக்கப்பட்டது.

குழு வந்தது, அடுத்து நாடு தழுவிய சோதனை வந்தது. அமெரிக்க உடற்கல்விச் சங்கம் 1958இல் வெளியிட்ட அந்தச் சோதனையில் ஏழு அம்சங்கள்: கம்பியில் தொங்கி உடலைத் தூக்குவது, படுத்து எழுவது, முன்னும் பின்னும் ஓடித் திரும்புவது, நின்ற இடத்திலிருந்து தாண்டுவது, 50 கஜ ஓட்டம், சாஃப்ட்பால் எறிதல், 600 கஜ ஓட்டம். வளைவைச் சோதிப்பது ஒன்றுகூட இல்லை. எந்தத் தோல்வி அதிபரை அதிரவைத்ததோ, அந்தத் தோல்வியை இனிப் பார்க்கவே முடியாதபடி சோதனை அமைந்துவிட்டது. 1966 முதல் ஏழிலும் முதல் 15 சதவீதத்துக்குள் வந்த பிள்ளைகளுக்கு அதிபரின் விருது கிடைத்தது. ஏற்கெனவே ஓடவும் எறியவும் தெரிந்த பிள்ளைகள் அதை வாங்கிப்போனார்கள்.

கிரவுஸின் கணக்கை எதிர்த்தவர்களிடமும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஐரோப்பியப் பள்ளிகளில் குனிந்து நிமிரும் பயிற்சி தினசரிப் பழக்கம். அமெரிக்கப் பிள்ளை அப்படியொன்றை முதன்முதலாகச் செய்கிறது. ஆறில் ஒன்று தவறினால் மொத்தமும் தோல்வி என்பதும் கடுமையான அளவுகோல். ஆனால் முதல் எதிர்ப்பே ஒரு பதிலையும் உள்ளே வைத்திருந்தது. தினமும் செய்யும் பிள்ளைக்கு வருகிறது, செய்யாத பிள்ளைக்கு வரவில்லை. அப்படியானால் செய்யவைப்பதுதானே வழி? அந்த வழியை அமெரிக்கப் பள்ளி எடுக்காததற்குக் காரணம் இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் பின்னால் இருந்தது.

ஸ்டாக்ஹோமில் 1813இல் பெர் ஹென்ரிக் லிங் தொடங்கிய உடற்பயிற்சி நிறுவனத்திலிருந்து கிளம்பியது ஸ்வீடிஷ் முறை. கருவி அதிகம் வேண்டாம். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு தொடக்க நிலை, ஒரு முடிவு நிலை. ஆசிரியர் சொல்லச் சொல்ல வகுப்பே ஒன்றாக அசையும். பெர்லினில் 1811இல் ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான் திறந்த மைதானத்திலிருந்து வளர்ந்தது ஜெர்மன் முறை. அங்கே கிடைமட்டக் கம்பி, இணைக் கம்பிகள், மரக் குதிரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த இரண்டும் அமெரிக்கப் பள்ளிகளுக்காகப் போட்டியிட்டன. 1889இல் பாஸ்டனில் ஒரு மாநாடே நடந்தது. மறு ஆண்டில் பாஸ்டன் நகரப் பள்ளிகள் ஸ்வீடிஷ் முறையை ஏற்றன. கடைசியில் வென்றது இரண்டும் இல்லை, விளையாட்டு. மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அந்தத் தலைமுறைக்குப் பிறகு உடற்கல்வி என்றால் பந்து, மைதானம், அணி என்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு அதில் கிடைத்த மகிழ்ச்சி உண்மையானது. குனிவது, வளைவது, மூச்சைக் கவனிப்பது எல்லாம் பழைய காலத்து டிரில் என்று ஓரங்கட்டப்பட்டதும் உண்மை.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஒரு கிளை சென்னைக்கும் வந்தது. அங்கே படித்த ஹாரி குரோ பக் 1919இல் சென்னை வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்களில் பல தலைமுறை அந்தக் கல்லூரியில் படித்து வந்தவர்கள். பி.டி. பீரியட் என்றால் பந்தும் விசிலும் நினைவுக்கு வருவதற்கு இந்த வம்சாவளியும் ஒரு காரணம். கிரவுஸ் - வெபர் சோதனையும் 1958ஆம் ஆண்டின் ஏழு அம்சச் சோதனையும் இன்றும் இந்திய உடற்கல்விப் பாடநூல்களில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் என்ன தொலைந்துபோனது என்பதை மாணவர் தாமாகக் கேட்டால்தான் உண்டு.

ஸ்வீடிஷ் முறை அமெரிக்காவில் முழுக்க அழிந்துவிடவில்லை. பாஸ்டன் மாநாடு நடந்த அதே ஆண்டில் அங்கே பெண்களுக்கென ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் பள்ளி தொடங்கியது. 1909இல் அது வெல்ஸ்லி கல்லூரியோடு இணைந்தது. அந்தக் கல்லூரியில் பாடம் நடத்திய கேத்தரின் வெல்ஸ், எவலின் டில்லன் என்ற இரு ஆசிரியைகள் 1952இல் வெளியிட்டதுதான் உட்கார்ந்து எட்டும் சோதனை. நின்றுகொண்டு குனியும்போது விழுந்துவிடுவோமோ என்ற பயம் உடம்பை இறுக்கும். உட்கார்ந்தால் அந்தப் பயம் இல்லை. காலை நீட்டி, பாதங்களை ஒரு தடுப்பின் மேல் ஊன்றி, முட்டியைத் தரையோடு அழுத்தி, இரு கைகளையும் ஒன்றாக நீட்டி எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளவுகோலில் பார்க்க வேண்டும். அடிமுதுகும் தொடையின் பின்தசையும் எவ்வளவு நீள்கின்றன என்பதற்கு ஓர் எண் கிடைத்துவிடும். எளிய சோதனை, ஒரு மரப்பெட்டி போதும். உலகம் முழுவதும் பரவப்போகும் அந்தப் பெட்டி அடுத்த இருபத்தெட்டு ஆண்டுகள் அமெரிக்காவின் தேசியப் பள்ளிச் சோதனைக்குள் நுழையவில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த ஆசிரியர் இருந்த எட்டாம் அவென்யூ. எண் 939. நியூயார்க்கில் நாட்டியப் பயிற்சிக்கூடங்கள் நெருங்கியிருந்த பகுதி. அந்தக் கட்டடத்தில் ஜோசப் பிலாட்டீஸும் அவர் மனைவி கிளாராவும் 1920களின் பிற்பகுதியில் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார்கள். பிலாட்டீஸ் 1883 டிசம்பர் 9 அன்று ஜெர்மனியின் மோன்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். அப்பா ஜெர்மன் உடற்பயிற்சி முறையில் தேர்ந்தவர். பிள்ளையோ ஆஸ்துமா, கணைச்சூடு போல உடம்பை உருக்கிய வாதக் காய்ச்சல், எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் என்று நோஞ்சானாக வளர்ந்தது. அந்த உடம்பைத் தானே பயிற்சியால் தேற்றிக்கொண்டதாக அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். முதல் உலகப்போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டவர் என்று பிடித்து, மான் தீவில் நாக்கலோ முகாமில் அடைத்தார்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கம்பி வேலிக்குள் கிடந்த முகாம் அது. நடக்க இடமில்லாதவன் படுத்த இடத்திலேயே எதைச் செய்ய முடியும் என்ற கேள்விக்கு அவர் முறை ஒரு விடை போலவே இருக்கிறது. 1926இல் அமெரிக்கா வந்தார். கப்பலில் கிளாராவைச் சந்தித்தார்.

பயிற்சிக்கூடத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நாட்டியக்காரர்கள். நடன அமைப்பாளர்கள் ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரகாம் வட்டத்தைச் சேர்ந்தவர்கள் அடிபட்ட காலோடும் பிடித்துக்கொண்ட இடுப்போடும் அந்தப் படியேறினார்கள். 1939 முதல் பல கோடைகளில் மாசசூசெட்ஸ் மலைப்பகுதியில் உள்ள ஜேக்கப்ஸ் பில்லோ நாட்டிய முகாமிலும் பிலாட்டீஸ் வகுப்பெடுத்தார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் கான்ட்ராலஜி. 1945இல் வெளிவந்த புத்தகத்தில் 34 பயிற்சிகளைத் தானே செய்து படம் பிடித்துப் போட்டிருந்தார். அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. எல்லாமே பாய் ஒன்றின் மேல் செய்யக்கூடியவை.

அவற்றில் முதுகுத்தண்டை நீட்டும் பயிற்சி ஒன்று உண்டு. கால்களைச் சற்று அகட்டி நீட்டி நிமிர்ந்து உட்கார வேண்டும். மோவாயை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, வயிற்றை உள்ளிழுத்தபடி, மூச்சை விட்டுக்கொண்டே உள்ளங்கைகளைத் தரையில் முன்னோக்கி நகர்த்த வேண்டும். முதலில் கழுத்து, பிறகு மேல்முதுகு, அப்புறம் அடிமுதுகு என்று ஒவ்வொரு கணுவாக மடங்க வேண்டும். திரும்பும்போது அடியிலிருந்து மேலே, தலைகீழ் வரிசையில். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது வெல்ஸ்லி கல்லூரியின் சோதனையாகவே தெரியும். ஏறத்தாழ அதே உட்கார்வு, அதே நீட்டல். ஆனால் சோதனையில் பிள்ளை எப்படி எட்டியது என்று யாரும் பார்ப்பதில்லை. தோளைப் பிதுக்கி எட்டினாலும், மூச்சைப் பிடித்து எட்டினாலும் எண் எண்தான். பிலாட்டீஸிடம் எண்ணே கிடையாது. எந்தக் கணு மடங்காமல் அடம்பிடிக்கிறது என்பதை அந்த உடம்புக்காரரே உணர்ந்துகொள்வதுதான் பயிற்சி. சில முறை செய்தால் போதும், நூறு முறை வேண்டாம் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

பெரியவர்களோடு மல்லுக்கட்டுவதைவிடப் பிள்ளைகளிடம் தொடங்குவதே சரி என்று அவர் நம்பினார். 1934இல் எழுதிய முதல் புத்தகத்திலேயே குழந்தைக்கு முதலில் கல்வி கொடுக்க வேண்டும் என்று ஓர் அத்தியாயம் வைத்தார். அவர் சொன்ன கல்வி, உடம்பு எப்படி வேலை செய்கிறது என்கிற கல்வி. தவறான பழக்கம் படிந்த பிறகு திருத்துவது கடினம் என்பதால் சின்ன வயதிலேயே சரியான அசைவைப் பழக்க வேண்டும் என்றார். ஒரு மனிதரின் வயதை ஆண்டுகளால் எண்ணாமல் முதுகுத்தண்டின் வளைவைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்கப் பிள்ளைகளின் முதுகுத்தண்டு வெள்ளை மாளிகை வரை பேசப்பட்ட 1955இல் அவருக்கு வயது 71, பயிற்சிக்கூடம் நடந்துகொண்டுதான் இருந்தது. 1962 பிப்ரவரியில் அதே ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை அவரைப் பற்றியும் ஒரு கட்டுரை போட்டது, விலங்குகளைப் போல உடம்பை நீட்டச் சொல்லும் விசித்திரக் கிழவர் என்ற தோரணையில். பள்ளிகள் அவர் படியேறவில்லை. 1967 அக்டோபரில் இறந்துபோனார்.

இதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. 1960 டிசம்பரில் அதிபராகத் தேர்வாகியிருந்த கென்னடி, அமெரிக்கர்கள் மென்மையாகிப்போனார்கள் என்று அந்தப் பத்திரிகையிலேயே கடிந்து எழுதினார். மறு ஆண்டு அவர் முதுகுவலி முற்றியது. 1961 அக்டோபரில் ஹான்ஸ் கிரவுஸை அழைத்தார்கள். இறுகிக் கிடந்த தசைகளை நீட்டி, பலவீனமானவற்றைத் தேற்றி, வாரத்துக்கு மூன்று முறை வெள்ளை மாளிகை உடற்பயிற்சி அறையில் கிரவுஸ் அதிபருக்குப் பயிற்சி கொடுத்தார், வலி தணிந்தது. தன் சோதனையில் தோற்றவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கிரவுஸுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நாட்டின் அதிபருக்குக் கிடைத்த அந்த நிதானமான கற்பித்தல், அவர் சோதனையில் தோற்ற பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்?

1980இல் காற்று மாறியது. திறமையைக் காட்டும் அம்சங்களை விட்டு ஆரோக்கியம் சார்ந்த சோதனை வேண்டும் என்று உடற்கல்விச் சங்கம் முடிவெடுத்தபோது, வெல்ஸ்லியின் பெட்டி உள்ளே வந்தது. 1982இல் டல்லாஸ் நகரின் கூப்பர் நிறுவனம் ஃபிட்னஸ்கிராம் என்ற பெயரில் பிள்ளைகளுக்கு உடல்தகுதி ரிப்போர்ட் கார்டு கொடுக்கத் தொடங்கியது. அதில் முதுகுக்குப் பாதுகாப்பாக ஒரு காலை மடக்கி ஒரு காலை மட்டும் நீட்டி எட்டும் முறை பிற்பாடு சேர்ந்தது. ஒரு தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஜிம் என்றால் இந்தப் பெட்டியின் நினைவுதான். வரிசையில் நின்று, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, கையை நீட்டி, எண்ணைக் கேட்டுக்கொண்டு எழுந்துபோவது.

அந்த எண்ணில் குறிப்பிட்ட வயதுப் பிள்ளைகளுக்கு அநியாயம் நடந்தது. பெண் பிள்ளைகள் 12 வயதையொட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதையொட்டியும் மளமளவென்று உயர்கிறார்கள். அந்த வளர்ச்சியில் முதலில் நீள்வது கால். உடலின் நடுப்பகுதி பின்னால்தான் வந்து சேரும். கால் நீண்டு, முதுகு நீளாத அந்தக் காலத்தில் பெட்டியின் எதிரே உட்காரும் பையனுக்கு, போன ஆண்டைவிடக் குறைவான எண்தான் வரும். அவன் சோம்பேறியாகிவிடவில்லை, அளவுகோல் இருந்த இடத்தில் இருக்கிறது, அவன் பாதம் தள்ளிப்போய்விட்டது. இதை அவனிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லும் ஆசிரியர் இருந்தால் அவன் தன் உடம்பைப் பற்றி ஒன்றைக் கற்றுக்கொள்வான். சொல்ல ஆளில்லாவிட்டால் தன் உடம்பு மட்டம் என்று நினைத்துக்கொள்வான். பெண் பிள்ளைகள் எல்லா வயதிலும் ஆண் பிள்ளைகளைவிட அதிகம் எட்டுகிறார்கள் என்பதும் இந்தச் சோதனையில் மாறாமல் வரும் முடிவு.

2012இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் இந்த எண்களையெல்லாம் எடுத்துவைத்துப் பரிசீலித்தது. பிள்ளைகளின் வளைவுக்கும் ஆரோக்கியத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நிறுவப் போதிய சான்று இல்லை என்றும், தேசிய அளவிலான கணக்கெடுப்பில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை என்றும் சொன்னது. வளைவு என்பது மூட்டுக்கு மூட்டு வேறுபடுவது. தொடையின் பின்தசை ஒன்றை அளந்துவிட்டு முழு உடம்புக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் பள்ளிகள் கற்பித்தலுக்காக இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே அறிக்கை சொன்னது. நாடு அளக்கத் தேவையில்லை, வகுப்பு கற்றுக்கொடுக்கலாம் என்று அதை வாசித்தால், 1955க்குப் பிறகு வந்த சரியான யோசனை அதுதான்.

கற்றுக்கொடுக்கும் முறை அதற்குள் எட்டாம் அவென்யூவை விட்டு வெளியே வந்திருந்தது. பிலாட்டீஸ் என்ற பெயரைத் தனி வணிக முத்திரையாக வைத்துக்கொள்ள முடியாது, அது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர் என்று 2000ஆம் ஆண்டு அக்டோபரில் மன்ஹாட்டன் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் வகுப்பு நடத்தலாம் என்றானதும் அது பள்ளிகளையும் தொட்டது. 2005இல் அமெரிக்காவில் பள்ளி முடிந்தபின் நடக்கும் இரண்டு வகுப்புகளிலிருந்து 11 வயதுப் பெண் பிள்ளைகள் முப்பது பேரை எடுத்து, ஒரு வகுப்பினருக்கு மட்டும் நான்கு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பிலாட்டீஸ் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு தேடியது உடலமைப்பில் வரும் மாற்றத்தை. பிள்ளைகள் விடாமல் வந்தார்கள், விரும்பிச் செய்தார்கள் என்பது அதில் கூடுதலாகத் தெரிந்த செய்தி.

வளைவை நேராகக் கேட்டது ஸ்பெயினின் முர்சியா. பள்ளிப் பிள்ளைகளின் தொடைப் பின்தசை இறுக்கத்தைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் வட்டாரம் அது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அறுபதுக்குச் சற்று மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு உடற்கல்விப் பாடவேளையிலேயே பிலாட்டீஸ்: ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 55 நிமிடம். இன்னொரு பிரிவு வழக்கம்போல. ஆறு வாரத்தில் முதல் பிரிவினரின் தசை நீளும் அளவு கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான், ஆறு வாரம் நீண்ட காலமும் இல்லை. இருந்தாலும் அது நடந்த இடம் முக்கியம். தனிப் பயிற்சிக்கூடம் எதுவும் இல்லாமல், சாதாரணப் பள்ளி அட்டவணைக்குள், ஏற்கெனவே இருந்த பாடவேளையில் நடந்தது. பிலாட்டீஸ் 1934இல் கேட்டதும் ஏறத்தாழ இதைத்தான்.

இந்தியாவில் 2019 முதல் கேலோ இந்தியா திட்டத்தின்கீழ் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல்தகுதி மதிப்பீடு நடக்கிறது. ஒன்பது வயதைத் தாண்டியவர்களுக்கான அம்சங்களில் உட்கார்ந்து எட்டும் சோதனையும் ஒன்று. வெல்ஸ்லி ஆசிரியைகள் 1952இல் செய்த பெட்டி இப்படித்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகள் வரை வந்திருக்கிறது. பிள்ளை உட்கார்ந்து கையை நீட்டுகிறது, பி.டி. சார் சென்டிமீட்டரைப் படிக்கிறார், எண் செயலியில் ஏறுகிறது, அடுத்த பிள்ளை. நாற்பது, ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஒதுக்க அவரால் முடியாது. அது அவர் குற்றமும் இல்லை. முர்சியாவில் செலவானது வாரத்துக்கு இரண்டு பீரியட். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் அட்டவணையிலும் பி.டி.க்கு வாரத்துக்கு இரண்டு பீரியட் போட்டிருப்பதைப் பார்க்கலாம். தேர்வு நெருங்க நெருங்க அவற்றைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் வாங்கிக்கொள்வார்கள். 34 பயிற்சிகளில் பிள்ளைகளுக்குப் பொருந்துபவை பாதிகூட வராது. மற்றவை வளர்ந்த, பழகிய உடம்புக்கானவை. பொருந்தும் அந்தச் சிலவற்றுக்குப் பாய் ஒன்றும், மூச்சை எப்போது விடுவது என்று பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓர் ஆசிரியரும் வேண்டும்.